ஜூன் ஆறும் ஆகஸ்ட் பதினெட்டும்

ஃபல்டிசேன்,
நவம்பர் 23.

என் அன்பு இலின்கா,

நான் சுகமாக இருக்கிறேன், வீடும் சுகம்தான், முதல் பனியைக் கூரை தாங்கிவிட்டது. அங்கே நீயும், ஈஸ்டருக்கு இங்கே வந்து போனதிலிருந்து உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் இதேபோல் இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். பிளம் ஜாம் இந்த வருடம் பதினோரு பாட்டில் வந்தது, ஆப்பிள் சரியில்லை. கால் வீக்கம் குறைந்ததா என்று நீ எழுதவே இல்லை. ஏழு மாதத்தில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. என் புருஷன் காவ்ரிலை விசா நேர்காணலுக்குத் தனியாக அனுப்ப வேண்டியிருக்கிறதே, நான் பக்கத்தில் இருந்து இவர் என் கணவர்தான் என்று சொல்ல முடியாமல் போயிற்றே என்று புலம்பினாய். உன் இடத்தில் நான் போகிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். போனேன். என்ன ஆயிற்று என்று காவ்ரில் உனக்குப் போனில் சொல்லியிருப்பான், ஆனால் அவன் சொல்வது நான்கு வார்த்தைதான் இருக்கும் என்பதால் நான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. இந்த ஒன்றரை வருடமாக எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. பால் சேகரிக்கிற வண்டியை ஓட்டுகிறவன், வாயைத் திறக்காதவன், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட என் பெண்ணைக் கட்டிக்கொண்டானே, அவன் ஆசைப்பட்டது உன் மேலா அந்த நாட்டின் மேலா என்று. உன்னிடம் கேட்டதில்லை. அவனிடம் முறைத்துக் காட்டியதோடு சரி.

நேர்காணலுக்கு முந்தின நாள் காலை தலைநகருக்கு ரயிலில் கிளம்பினோம். ஃபைலை நான்தான் தயார் செய்திருந்தேன், உனக்குத்தான் தெரியுமே, நகராட்சியில் திருமணப் பதிவு மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். நீ அனுப்பிய கடிதம், உன் சம்பளச் சான்று, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, கல்யாணப் போட்டோக்கள், எல்லாவற்றுக்கும் கலர் சீட்டு ஒட்டியிருந்தேன். ஏழு மணி நேரப் பயணம் முழுக்க அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். உன் ரத்த வகை என்ன, உன் முதலாளி பெயர் என்ன, உன் சமையலறைத் திரை என்ன நிறம். “திரை எனக்குத் தெரியாது அத்தை, அவ போனை எப்பவும் ஃப்ரிட்ஜ் மேல சாய்ச்சு வெச்சுதான் பேசுவா, எனக்கு அவ முகமும் மேல இருக்கிற விளக்கும்தான் தெரியும்” என்றான். “அப்போ விளக்கு என்ன நிறம்?” என்று விடாமல் கேட்டேன். எதிர் சீட்டில் இருந்த கிழவர், “தம்பி, நீ நேர்காணலுக்கு அங்க போகவே வேண்டாம்ப்பா, இந்தம்மா பாஸ் போட்டா போதும்” என்று சொல்லிவிட்டுத் தன் ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொடுத்தார். இவ்வளவு கேட்டேன், ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குத் தூதரக வாசல். விண்ணப்பிக்கிறவர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார்கள். அது எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தக் கதவுக்குள் மறைந்ததும் காவலாளி நகரச் சொல்லும் வரை கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரு முனையில் ஒரு காபிக் கடை. கடைக்காரி என்னைப் பார்த்ததுமே, “மருமகனா, மகனா?” என்றாள். மருமகன் என்றேன். “மகனா இருந்தா அழுவாங்க, மருமகனா இருந்தா வாட்சைப் பார்ப்பாங்க. நீங்க ரெண்டும் பண்றீங்களே” என்று சொல்லி ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டாள். பதினொன்றேகால் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஜனவரியில் குழந்தை பிறக்கும்போது நீ அந்த ஊரில் தனியாக இருப்பாயா, பக்கத்தில் ஆள் இருக்குமா, இது ஒன்றுதான் மனதில். பிறகு அவன் வெளியே வந்தான், இலின்கா, முகம் சுண்ணாம்பு மாதிரி. ஃபைல் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. “வாங்கி வெச்சுக்கிட்டாங்க அத்தை, திருப்பித் தரல” என்றான். நான் போச்சு என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரி மட்டும் எட்டிப் பார்த்து, “அட மண்டுகளா! பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாதான்டா இல்லேன்னு அர்த்தம். வெச்சுக்கிட்டா விசா ஒட்டப் போறாங்க. அந்தச் சீட்டைப் படிச்சுப் பாரு!” என்று கத்தினாள். சீட்டு அவன் கையில்தான் இருந்தது, நம் மொழியிலேயே இருந்தது, அவன் படிக்கவே இல்லை. பத்து நாளில் வீட்டுக்கு வரும் என்று எழுதியிருந்தது. நான் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இதுவரை உனக்குத் தெரிந்திருக்கும். இனிமேல் எழுதுவதைத்தான் உனக்கு அவன் சொல்லியிருக்க மாட்டான். திரும்பி வரும் ரயிலில், உள்ளே ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். நான் விடுவேனா. கடைசியில் சொன்னான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள், முடியை ஒட்ட வெட்டியிருந்தாராம், நம் மொழியை நன்றாகவே பேசினாராம். முதல் கேள்வியே உங்களுக்கு என்றைக்குக் கல்யாணம் ஆயிற்று. இவன் ஆகஸ்ட் பதினெட்டு என்றிருக்கிறான். அந்த அம்மாள் திருமணச் சான்றைப் பார்த்துவிட்டு, “இதுல ஜூன் ஆறுன்னு இருக்கே” என்றாராம். எனக்கு ரயிலிலேயே வியர்த்துவிட்டது. ஜூன் ஆறு என்று பதிவேட்டில் எழுதியது என் கைதான். சட்டப்படி அதுதான் கல்யாண நாள், அதைத் தினமும் பத்துப் பேருக்கு நானே சொல்கிறேன். ஆனால் நம் வீட்டில் யார்தான் அதைக் கல்யாண நாள் என்று சொல்லியிருக்கிறோம்? தேவாலயத்தில் பாதிரியார் உங்கள் இருவர் தலையிலும் கிரீடம் வைத்த நாள்தானே நமக்குக் கல்யாண நாள். அதனால்தான் அதை நான் அவனிடம் கேட்கவே இல்லை.

“ரெண்டுல எது உண்மை?” என்று அந்த அம்மாள் கேட்டாராம். ரெண்டும்தான் என்றிருக்கிறான். ஜூனில் கையெழுத்துப் போட்டோம், அன்றைக்குச் சாயங்காலம் நான் பால் வண்டிக்குப் போய்விட்டேன், அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், ஆகஸ்ட் வரைக்கும் இருட்டினதும் அவள் அம்மா என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று. அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டப்படி கல்யாணம் ஆன இருவர், வயது வந்தவர்கள், பத்து வாரம் ஒரு அம்மா சொன்னதற்காகப் பிரிந்து இருந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் இவன் சொல்லியிருக்கிறான். “அவங்க சொன்னதுக்காக இல்ல மேடம். என் பொண்டாட்டி கேட்டதுக்காக. பதினாறு வயசுல அவங்கப்பாவோட அமெரிக்கா போனா, அன்னிக்கு அம்மாவ விட்டுட்டுப் போனவ. என்கிட்ட, உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் பத்து வாரம் அம்மாவுக்கே மகளா இருக்கணும், அம்மா கண்டிப்புன்னு நினைச்சுக்கட்டும், நீங்க எதுவும் சொல்லாதீங்கன்னு கேட்டா. நான் சரின்னேன்.” அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாராம். அப்புறம் போட்டோக்களைக்கூடப் பார்க்காமல் ஃபைலை மூடிவிட்டாராம்.

இதைச் சொல்லிவிட்டு காவ்ரில், “அத்தை, அவகிட்ட சொல்லிடாதீங்க, நான் வாக்கு கொடுத்திருந்தேன்” என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஈரமான சோள வயல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

அந்தக் கோடையில் நான் எத்தனை கறாராக இருந்தேன், எனக்கே பெருமையாக இருந்ததே. நீ என் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டே தூங்கினாய், காலையில் என்னோடு தோட்டத்துக்கு வந்தாய். என் கட்டுப்பாட்டால் நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் எனக்குக் கொடுத்தது அது. கொடுத்ததைக்கூடச் சொல்லாமல் அவன் ஒன்றரை வருடம் என் முறைப்பைத் தாங்கியிருக்கிறான். நான் பெற்ற பெண்ணா இது, நான் சந்தேகப்பட்ட பையனா இது என்று நான்கு நாளாக வாய் பிளந்து நிற்கிறேன். நேற்று அலுவலகத்தில் ஒரு ஜோடி கையெழுத்துப் போட வந்தது. தேதியை எழுதும்போது கை நின்றுவிட்டது. எத்தனை ஆயிரம் தேதி எழுதியிருப்பேன், அந்த எழுத்துக்கும் பாதிரியார் நாளுக்கும் நடுவே யார் யாருக்கு என்னென்ன கொடுத்திருப்பார்களோ, ஒன்றும் எனக்குத் தெரியாது. எழுந்து நின்று அந்தப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவன் வாக்கை நான் உடைத்துவிட்டேன், அவனைக் கோபிக்காதே, தப்பு என்னுடையது. பாஸ்போர்ட் வந்ததும் டிக்கெட் எடுத்துவிடுவான். நீ உப்பைக் குறை, மாலையில் கால்களை உயர வைத்துப் படு, பிரசவப் பையை இப்போதே கட்டி வை. அவன் பசிக்கிறது என்று சொல்லமாட்டான், நீயே கேட்டுப் போடு. கடவுள் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைக்கட்டும், உன் பிரசவம் லேசாகட்டும், பிறக்கிற குழந்தை உன்னைப் போலவே தன் அம்மாவுக்குத் தெரியாமல் நல்லது செய்யட்டும்.

உன்னைப் பெற்றும் உன்னை இப்போதுதான் அறிகிற
அம்மா,
ஸ்மராண்டா.