எதிர் எடையும் சேர்ந்து விழுந்தது

ஜூன் 3, செவ்வாய்

துணிக்கடை லிஃப்ட் இன்றைக்கும் மூன்றாவது மாடியில் மக்கர் பண்ணியது. உள்ளே மாட்டிக்கொண்ட அம்மாள், கதவைத் திறந்ததும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். செய்தவன் நானா? ரிப்பேர் பார்க்கிறவன்தானே கைக்குக் கிடைப்பான்.

வீட்டுக்கு வந்தால் இவள் முகமெல்லாம் சிரிப்பு. மருந்துக்கடை மாடியில் அறை கிடைத்துவிட்டதாம். முப்பதாம் தேதிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் யாருக்கோ பிசியோ பார்த்துக் கொடுத்தவள், இனிமேல் சொந்தமாக.

"கிரிப்டோவ வித்துடலாம்ல?" என்றாள்.

"தாராளமா" என்றேன். இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அதில்தான் இருக்கிறது. வாங்கச் சொன்னவன் என் மச்சான், இவள் தம்பி. எதைக் கேட்டாலும் "மேல போகும் மாமா" என்பான். வீட்டில் அவனுக்குப் பெயரே ராக்கெட். ஆனால் நாங்கள் அவனைப்போல ஆடவில்லை. லிஃப்டின் எதிர் எடை என்பது காலிப் பெட்டியின் எடை, அதோடு ஏறக்கூடிய ஆட்களில் பாதிப் பாரம். மோட்டாருக்குத் திணறல் இல்லை. அதே கணக்கில் இரண்டு காயின், பாதிக்குப் பாதி. ஞாயிறுதோறும் டீ குடித்துக்கொண்டே, எது ஏறியிருக்கிறதோ அதில் கொஞ்சம் எடுத்து மற்றதில் போட்டுச் சமன் செய்வோம். சல்லிக்காசு வெளியே எடுத்ததில்லை.

எதற்கும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

ஆடிட்டர் அம்மாவுக்கு வலது தோளில் வலி போலிருக்கிறது, இடது கையால் மௌஸைத் தடவித் தடவி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாராவாரம் வித்திருக்கீங்களே" என்றார்.

"விக்கவே இல்ல மேடம். பேங்குக்கு ஒரு காசு வரலையே?"

"வர வேண்டாம் சார். ஒரு காயினக் குடுத்து இன்னொண்ண வாங்கினாலே வித்த கணக்குதான்."

"லாபத்துக்கு மாத்தலைங்க. பத்திரமா இருக்கட்டும்னுதான் மாத்தினோம்."

"பத்திரத்துக்கு மாத்தினாலும் பேராசைக்கு மாத்தினாலும் வரி ஒண்ணுதான்."

போன வருடம் முழுக்க ஏற்றம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு லாபம், ஒவ்வொரு லாபத்துக்கும் வரி. கூட்டிப் பார்த்தால் நாங்கள் முதலில் போட்டதில் பாதி! ஜனவரியிலிருந்து இரண்டு காயினும் இறங்கிக்கொண்டிருக்கின்றனவே, அந்த நட்டம்? கிரிப்டோ நட்டத்துக்குச் சலுகையே கிடையாதாம். போன வருட லாபத்தில் கழிக்க முடியாதாம். வரியையும் முப்பதாம் தேதிக்குள் கட்டச் சொன்னார், தள்ளினால் மாதாமாதம் வட்டி ஏறுமாம்.

"லாபம் வந்த அன்னைக்கே வரிப் பங்க எடுத்துத் தனியா வெச்சிருக்கணும் சார். அது உங்க பணமே இல்ல" என்று முடித்தார்.

இன்று விற்றால் வரியும் கட்டலாம், அறையும் பிடிக்கலாம். மட்டுமட்டாக. இன்னும் இறங்கினால் அறை போச்சு. அதற்கும் கீழே போனால் வரிக்கே கடன் வாங்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

இறங்கியது. கொஞ்சம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

டீ ஆறிப்போனது. இன்று எதையும் மாற்றவில்லை, மாற்றக் கை வரவில்லை.

ராக்கெட் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எதுக்கு மாமா காட்டுறீங்க? யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். எனக்கும் ஒரு கணம் ஆசைதான், பொய் சொல்வானேன்.

அவள் விடவில்லை. "டேய், நாளைக்கு நான் போர்டு மாட்டி உக்காரணும். எவன் வந்து கதவத் தட்டுவானோன்னு பயந்துகிட்டே ஒருத்தர் முதுகுல கை வைக்கச் சொல்றியா?"

அவன் போனதும், "இன்னைக்கே வித்துடலாங்க" என்றாள்.

"வித்தா வெறும் அறைதான் மிஞ்சும். நோயாளியத் தரையிலயா படுக்க வைப்ப? பத்து நாள் பொறு. கட்டில், மெஷின் வாங்குற அளவுக்காவது ஏறட்டும்."

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தப்பாகவா சொன்னேன்? அவளுக்காகத்தானே?

ஜூன் 12, வியாழன்

சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "லிஃப்ட் வேகமா கீழ போனா எது பிடிக்கும்?"

"கவர்னர்னு ஒரு சக்கரம். வேகம் அளவு மீறினா அதுவே பிரேக்கப் போட்டுடும்."

"உங்களக் கேட்டுட்டா?"

"என்னை எதுக்குக் கேக்கணும்?"

"அப்ப இதுக்கும் அப்படி ஒண்ணு வைங்க."

நறுக்கென்று கேட்டுவிட்டாள். உட்கார்ந்து ஸ்டாப் லாஸ் போட்டேன். வரிக்கும் அறைக்கும் எவ்வளவு வேண்டுமோ அதுதான் எல்லை. விலை அந்த எல்லையைத் தொட்டால் எங்களைக் கேட்காமல் எல்லாமே விற்றுவிடும். இன்றிரவாவது இருவரும் நன்றாகத் தூங்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

பதினான்கு மாடிக் கட்டடத்தின் மெஷின் ரூமில் இருந்தேன். கையெல்லாம் கிரீஸ். விலை எல்லைக்கு ஒரு நூல் மேலே நின்றது. கையைத் துடைத்தேன். போனை எடுத்தேன்.

எடுத்துவிட்டேன். ஸ்டாப் லாஸை.

ஏன்? இந்த விலைக்கு விற்றால் நம்மை விட முட்டாள் யார் என்று தோன்றியது. ஒரே நாள், ஒரே ஒரு நாள் என்று தோன்றியது. எந்தக் கட்டடத்திலாவது எவனாவது கவர்னரைக் கழற்றி வைத்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

மாலையில் விலை எகிறியது! பார்த்தாயா? அவளிடம் சொல்லவில்லை. கட்டில் காசும் வரட்டும், சேர்த்துச் சொல்லலாம்.

ஜூன் 18, புதன்

இன்னும் ஏறியது. இருபத்தைந்தாம் தேதி வரை பார்க்கலாம்.

ஜூன் 19, வியாழன்

போச்சு.

காலையில் எழுந்தபோதே எல்லையைத் தாண்டிக் கீழே. ஏதோ ஒரு பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் பணம் தருவதை நிறுத்திவிட்டதாம், எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றிருக்கிறார்கள். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்றுதானே பாதிக்குப் பாதி வைத்தேன்? இரண்டும் ஜோடியாக விழுந்தன. லிஃப்டில் பெட்டியும் எதிர் எடையும் ஒன்றாகக் கீழே வருவது கிடையாது. வந்தால் கயிறு அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஜனவரியிலேயே இரண்டும் சேர்ந்துதான் இறங்கின. பதினெட்டு வருடம் லிஃப்ட் பார்க்கிறவனுக்கு அது உறைக்கவில்லை.

அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். "வித்திருக்கும்ல?" என்றாள், வாயில் நுரையோடு.

"இல்ல. நான் எடுத்துட்டேன். செவ்வாக்கிழமை."

வாயைக் கொப்பளித்தாள். முகத்தைத் துடைத்தாள். "என் அறைய ஏன்யா தொட்ட நீ?" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. இதுவரை என்னை நீ என்று சொன்னவள் இல்லை.

நான் போனை நீட்டினேன். "நீயே வித்துடு. எனக்குக் கை வரல."

"வரணும். நீ அழுத்து. நான் பாக்கணும்."

அழுத்தினேன். இரண்டு தடவை.

ஜூன் 20, வெள்ளி

வரி கட்டியாயிற்று. ரசீதை ஆடிட்டரிடம் கொடுத்தேன். கூட வந்த அவள், நான் வண்டி எடுக்கப் போனபோதும் உள்ளே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கடன் வாங்கவில்லை, அதுவரைக்கும் சரி.

ஜூன் 24, செவ்வாய்

அறைக்காரருக்கு அவளே போன் செய்தாள். "வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்... இல்ல சார், எங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப்போகுது" என்றாள். என் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

என்னிடம் பேச்சு, சாவி எங்கே, உப்பு எங்கே என்கிற அளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு பேருக்கும் டீ போட்டேன். குடித்தாள்.

"மிச்சம் எவ்ளோ?" என்றாள். சொன்னேன். ஒரு பழைய பிசியோ கட்டில் வாங்கத் தேறும். எழுந்து போய் ஹாலை டேப் வைத்து அளந்தாள். பிறகு ராக்கெட்டுக்குப் போன் போட்டு, "டேய், சோபா வேணும்னா வந்து தூக்கிட்டுப் போ" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

வேலையிடத்தில் நேற்று ஒருவன் வந்து, எங்கள் இரண்டு காயினும் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னான். வயிறு எரிந்தது. இல்லை என்றால் பொய். போனை எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஹாலில் கட்டில் போட்டாயிற்று, நடுவில் திரை. ஆஸ்பத்திரி வேலையை விடவில்லை. மாலையும் ஞாயிறும் இங்கே. முதல் ஆளாக வந்தவர் ஆடிட்டர் அம்மா. வரி கட்டின அன்றே அவர் தோளைப் பார்த்து இவள் வரச் சொல்லியிருக்கிறாள், எனக்குத்தான் தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து "ஐயோ மேடம், மெதுவா" என்று அவர் அலறினார். கேட்கக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

போகும்போது வலது கையாலேயே பையைத் திறந்து பணம் கொடுத்தார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் பணத்தை எண்ணினாள். அதில் கொஞ்சத்தை வரிக்கென்று பிரித்து ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, என்னிடம் நீட்டினாள்.

"இது நம்ம பணம் இல்ல. நீங்களே வெச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டேன். ஸ்டூலில் ஏறி பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். இறங்கி, திரும்ப ஏறி, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.