அமராவதிக்குக் குமிழி வரவில்லை

ஜூன் 13, 2024

எனக்குப் பை. பக்கத்துக் கட்டில் அமராவதிக்கு இல்லை. இரண்டு பேருக்கும் மலக்குடலில் புற்று, ஒரே நாளில் ஆபரேஷன், ஒரே டாக்டர். எனக்கு மட்டும் வயிற்றில் பை தொங்குகிறது. அதில் மலம். தூ.

டாக்டர் வேல்குமார் விளக்கினார். கட்டியை வெட்டி எடுத்துக் குடலை ஒட்டுப் போட்டதும், வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றி, ஆசனவாய் வழியாகக் காற்று அடித்துப் பார்ப்பார்களாம். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் முக்குவார்களே, அப்படி. எனக்குக் குமிழி வந்ததாம். மறுபடி தைத்து, அது ஆறும்வரை மலம் அந்த வழி போகாமல் இருக்கப் பை. சில மாதத்தில் எடுத்துவிடலாமாம்.

பனியன் கம்பெனியில் நான் செக்கிங். ஓட்டை உள்ள பீஸில் ஸ்டிக்கர் ஒட்டி, சரிசெய்ய ஆல்டருக்குத் தள்ளுகிறவள். இப்போது நானே ஆல்டர் பீஸ்.

ஜூன் 14

அவள் புருஷன் அவளுக்குத் தலை சீவி விடுகிறான். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தே பேசுகிறார். பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 15

அமராவதி இட்லி சாப்பிட்டாள். எனக்குப் பை கசிந்தது. "ஏனுங்க்கா, ஜன்னலத் தொறக்கச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, தெரியும். இருந்தாலும் அவளுக்கும் ஒரு பை வரட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன்தான்.

ஜூன் 16

அவளுக்குக் காய்ச்சல். வயிறு கல்லாட்டம். ஒட்டுப் போட்ட இடம் கசியுதாம். மறுபடி தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. என்ற கண்ணு பட்டுருச்சா? முருகா, என்ற கண்ணா?

ஜூன் 17

டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. குமிழி வராவிட்டாலும் சிலருக்குப் பிறகு கசிவதுண்டு, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். உங்களுக்கு அப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று, அந்தப் பைதான் காவல் என்றார்.

நம்பினேன். ஆனாலும் வீட்டுக்காரரிடம் கல் உப்பு கொண்டுவரச் சொன்னேன்.

ஜூன் 21

அமராவதி பிழைத்து வார்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றில் பை. மெல்ல எழுந்துபோய் அவள் தலையைச் சுற்றி உப்பை டம்ளர் தண்ணீரில் போட்டேன். "யாரு கண்ணுங்க்கா பட்டிருக்கும்?" என்றாள். நான் டம்ளரை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 25

அவளுக்குப் பை மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். தோலைத் துடைத்து, ஈரம் போனபிறகு ஒட்ட வேண்டும். என் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்குச் சீக்கிரம் எடுத்துருவாங்க. எனக்குப் பொறாமையா இருக்குதுங்க்கா."

உப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் கையில் கொடுத்து, எனக்கும் சுற்றிப் போடச் சொன்னேன்.