பொன்னி படித்த கடைசி வரி

ஞாயிறு இரவு.

தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் பொன்னிக்கு, பூப்பந்து ஆடும்போது இடது கண்ணில் பந்து அடித்துவிட்டது. சாயங்காலம், நான் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருக்கும் தோட்டத்துக் கிளினிக்குக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தாள்.

"நல்லாத் தெரியுது லா, டிரெசர். அடுத்த வாரம் ஃபைனல். ஆடலாம்தானே?"

"ரெண்டு நாள் கழிச்சு ஆடு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்க" என்று சொட்டு மருந்தை நீட்டினேன். அவள் கை புட்டிக்கு ஒரு விரல் தள்ளிப் போய், பிறகுதான் பிடித்தது. குளிரில் விறைத்திருக்கும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை.

இப்போது ஒன்றும் புரியவில்லை. அந்த அட்டை நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து மாறவே இல்லை. வருடா வருடம் தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் அதைத்தான் படிக்கச் சொல்கிறேன். பொன்னி படித்தாளா, ஒப்பித்தாளா? இரண்டு தடவை ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. என்ன டிரெசர் நான்?

சற்று முன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நானே அந்த அட்டையின் எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரி வரை வந்தது.