ஜெனிஸ் சொல்ல மாட்டாள்

நெல்லியாளம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அலீனா அப்பாவுக்கு,

ஜூடித் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று பதற வேண்டாம். இருப்பது இரண்டு அறை. எங்கே நின்று பேசினாலும் அலீனா காதில் விழும். அதனால்தான் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்பும் சகாயம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மழை விட்டபாடில்லை. ஃபேக்டரிக்குப் பின்னால் யானை வந்துபோனது. யாருக்கும் ஒன்றுமில்லை.

சனிக்கிழமைதோறும் நான் ஸ்கூலுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது உங்களுக்குத் தெரியும். மென்டர் என்று பெயர், சம்பளம் கிடையாது. பெரியவர்களும் போகிறோம், பிளஸ் டூ படிக்கிறவர்களும் வருகிறார்கள். ஆளுக்கொரு பிள்ளை. எனக்கு அமைந்தது, எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலாமணியின் மகள் காயத்ரி. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். போன மாதம் வேலாமணி என்னை வழியில் நிறுத்தி, “ஏனுங்க அக்கா, ஊட்டுல உம்முனு இருக்கறா, உங்ககிட்ட மட்டும் அப்படி என்னத்தைங்க பேசறா?” என்று கேட்டாள். பிள்ளைகள் நம்பிச் சொல்வதை வெளியே சொல்லக்கூடாது, அது ரூல்ஸ் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இப்போது கேளுங்கள். ஒன்பதாவது படிக்கும் நம் அலீனாவுக்கு அமைந்த மென்டர் ஜெனிஸ், பதினேழு வயசுப் பெண். போன சனிக்கிழமை கிளம்பும்போது பார்க்கிறேன், ஸ்கூல் படிக்கட்டில் ஜெனிஸ் தோளில் சாய்ந்து நம் பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறாள். ஓடினேன். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றாள். பெற்றவளிடம் ஒன்றுமில்லையாம்! வீட்டிலும் அதே பதில்தான். சோறு பாதிதான் இறங்குகிறது.

பொறுக்கமாட்டாமல் ஜெனிஸிடம் போய்க் கெஞ்சினேன். “ஸாரி ஆன்ட்டி, அவ நம்பிச் சொன்னதுங்க. நான் வெளிய சொல்லிட்டா அப்புறம் யார்கிட்டயும் பேச மாட்டா” என்கிறாள். வந்த கோபத்துக்குக் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஆபத்தான விஷயமென்றால் மென்டர் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லியே ஆக வேண்டும். ஜெனிஸ் சொல்லவில்லை, அதனால் பெரிதாக இருக்காது என்று மனசைத் தேற்றுகிறேன். தேறினால்தானே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். வாசலில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறேன். அதற்குள் பால் பொங்கிவிடுகிறது.

நேற்று சர்ச் முடிந்து வேலாமணி வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு மூஞ்சியில் அடித்தமாதிரி பேசியிருக்கக் கூடாது என்றேன். “அட உடுங்க அக்கா” என்று பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் இது தோன்றியது. நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று, இதைச் சொல்லு, அதைச் சொல்லு என்று போனைப் பிடுங்கிவிடுகிறேன். அந்தப் பிள்ளை உங்களிடம் தனியாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று! வருகிற ஞாயிறு சாயங்காலம் நான் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவேன். அப்போது கூப்பிடுங்கள். ஏன் அழுதாய் என்று ஆரம்பித்துவிடாதீர்கள், மார்க்கையும் கேட்காதீர்கள். சும்மா பேசுங்கள். அவள் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

ஆண்டவர் அந்த நேரம் உங்கள் இருவரோடும் இருப்பாராக.

அவள் மனசைத் திறந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று நான் உங்களைக் குடைவேன், என் குணம் தெரியாதா உங்களுக்கு. நான் எவ்வளவு அழுதாலும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
ஜூடித்