செத்ததாக நான் பதிந்த பேட்டரி

நாள் 211, காலை 8.15

தக்காளி நாற்று பதினாறும் நலம். கீரை நலம். நீர் சுத்திகரிப்பு வழக்கம்போல்.

பதிவு செய்வது இசக்கியம்மாள், செடிகளுக்குப் பொறுப்பு. இந்தச் செவ்வாய்க் கிரக நிலையத்தில் என்னைத் தவிர ஒருவர்தான் இருக்கிறார்: லூர்து பெர்னாந்து அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர். மின்சாரமும் வண்டிகளும் அவர் கையில்.

ஊரில் இன்று ஆயுத பூஜை. அம்பாசமுத்திரத்திலிருந்து கொண்டுவந்த சந்தனப்பொடியில் மிச்சம் இருந்ததைக் குழைத்து, கருவிகளுக்கும் இரண்டாம் வண்டிக்கும் பொட்டு வைத்தேன். வண்டியின் ரிமோட் சாவியையும் விடவில்லை. கேமராவில் பார்த்துவிட்டு அண்ணாச்சி பட்டறையிலிருந்து ரேடியோவில் கிண்டல் செய்தார்: "சாவிக்கு நெத்தி எந்தப் பக்கம், தங்கச்சி?"

எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் தாராளமாகவே பூசினேன்.

நாள் 214, காலை 9.40

அண்ணாச்சி ஏழு மணிக்கு முதல் வண்டியில் சூரியத் தகடுகளைப் பார்க்கப் போனார். பன்னிரண்டு கிலோமீட்டர். இப்போது வந்த செய்தி:

"தங்கச்சி, பதறாம கேளு. வண்டி பள்ளத்துல சரிஞ்சிட்டு. கதவோரம் காத்து கசியுது. மூணு மணி நேரம் தாங்கும். நீ ரெண்டாம் வண்டிய எடுத்துட்டு வா."

போய்ச்சேர ஒன்றரை மணி நேரம். உடனே கிளம்பினால் போதும்.

காலை 9.58

சாவி வேலை செய்யவில்லை. பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. ரிமோட்டுக்குள் செருகியிருந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்துவிட்டேன், ஆனால் மோட்டார் எழ மறுக்கிறது. மாற்றுச் சாவி அண்ணாச்சியின் கொத்தில் இருக்கிறது. பேட்டரி சோதிக்கும் மீட்டரும் அவர் பையில். ரேடியோவில் கேட்டேன், அவர் சொன்னது:

"பேட்டரிதான் செத்திருக்கும். இந்தக் குளிருக்கு வட்டப் பேட்டரி சட்டுனு போயிரும். வேற ஒண்ணு போடு."

வேறு ஒன்று இல்லை. உதிரிகள் அடுத்த சரக்குக் கலத்தில்தான் வரும்.

காலை 10.06

இல்லை என்று எழுதியது பொய். அதே அளவுப் பேட்டரி ஒன்று இருக்கிறது, அண்ணாச்சியின் படுக்கைக்கு மேலே, மீன் பொம்மைக்குள்.

வயிற்றை அமுக்கினால் அவர் மகள் ஸ்டெல்லா பேசுவாள். "அப்பா, வரும்போது மக்ரூன் வாங்கிட்டு வாங்க. மறந்தீங்கன்னா பேச மாட்டேன்." ஏழு விநாடி. ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பல் விளக்கப் போவார். மலிவான பொம்மை. பேட்டரியைக் கழற்றினால் குரல் அழிந்துவிடும். பிரதி எடுத்து வையுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். மைக்கைப் பக்கத்தில் வைக்கவே பயப்படுவார், இத்தனைக்கும் மின்சாரம் படித்தவர்.

ரேடியோவில் சொன்னேன்.

"எடுத்துக்கோ, தங்கச்சி. எடுக்க முன்னால ஒரு தடவ அமுக்கு. நான் கேட்டுக்கிடுதேன்."

மைக்கில் வைத்து அமுக்கினேன். அவள் பேசி முடித்ததும் அவர் "சரி" என்றார். பதிவுக் கருவியைப் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் தோன்றியது.

காலை 10.17

புதுப் பேட்டரியைப் போட்டும் விளக்கு எரியவில்லை. மறுபடி திறந்தேன். பேட்டரி உட்காரும் உலோக நாக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். விளக்கு எரிந்தது. கிளம்புகிறேன்.

பிற்பகல் 2.30

அண்ணாச்சியைக் கொண்டுவந்துவிட்டேன். உதடு நீலம் பாரித்திருந்தது, இப்போது தேறிவிட்டார். இரண்டு பேரும் கீரைக் கஞ்சி குடித்தோம்.

நாள் 215, காலை 8.20

பூமியிலிருந்து கேள்வி: "பழுதுக்குக் காரணம் என்ன? பழைய பேட்டரியின் நிலை என்ன?"

பதில் அனுப்பினேன்: பேட்டரி செயலிழந்தது, மாற்றப்பட்டது.

மீட்டர் மேசைமேல் கிடக்கிறது. பழைய பேட்டரி என் சட்டைப் பையில். இரண்டையும் தொடவைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். எனக்குத் துணிச்சல் இல்லை. நகக்கண்ணில் இன்னும் சந்தன வாசம் போகவில்லை.

அண்ணாச்சி எழுந்தார், பழக்கத்தில் கையை மேலே நீட்டினார், பாதியில் எடுத்துக்கொண்டார்.

நாள் 217, காலை 8.10

நாற்று பதினான்கு. இரண்டுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். அண்ணாச்சி என்னைத் தேற்றுகிறார். உயிர்தான் பெரிது என்கிறார். சொல்லிவிட வேண்டும். நாளை சொல்லிவிடுவேன்.

நாள் 218, காலை 9.05

நான் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார். அந்தச் செத்த பேட்டரி எங்கே, பொம்மைக்குள்ளேயே போட்டு வைக்கலாம், வயிறு காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை என்றார். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் கை பைக்குள் போய், எடுத்துக் கொடுத்துவிட்டது.

போட்டார். மூடியைத் திருகினார். மீனின் கண் பளிச்சென்று எரிந்தது.

அவர் முகத்தில் ஒரு கணம் அப்படி ஒரு ஆசை. வயிற்றை அமுக்கினார். ஏழு விநாடி வெறும் இரைச்சல். மறுபடி அமுக்கினார். மறுபடி இரைச்சல். கண் மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

பிறகு ரிமோட் சாவியை எடுத்துத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

இதைப் படிப்பவர்களுக்கு, நாள் 215 பதிவில் திருத்தம்: பேட்டரி சாகவில்லை. சுரண்டியிருந்தால் அதுவே போதுமாயிருந்திருக்கும்.

காலை 9.40

வந்த செய்தி:

"இசக்கியம்மாள், ரெண்டாம் வண்டி கெளம்பிட்டு. பதிஞ்சுக்கோங்க."

பதிந்துகொண்டேன். இருநூற்றுப் பதினெட்டு நாளில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.