நிறம் தீட்டாமல் விட்ட புளோரிடா

எடியே,

இன்று காலை வேலைக்குப் போனதும் மார்த்தா உன்னுடைய வரைபடத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். ஆஸ்பத்திரியில் நாங்கள் வாளியும் தும்புத்தடியும் வைக்கிற அறைக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறார்களாம். அந்தக் கதவின் பின்புறம் நீ ஒட்டி வைத்திருந்த அமெரிக்காவைக் கிழியாமல் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள். விரித்ததும் தரை துடைக்கும் எலுமிச்சைத் திரவத்தின் வாசம் அடித்தது. வேலை முடிந்து பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் இருவர் மீதும் அடிக்குமே, அதே வாசம். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. வரைபடம் இன்னும் நம்மைப் போலத்தான் மணக்கிறது.

உனக்கு அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இங்கே மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், பதினைந்து வருடம் குடியிருந்தாய். நகர மேயர் யாரென்று கேட்டால் முழிப்பாய். ஆனால் ஒஹாயோ எங்கே இருக்கிறதென்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்பாய். பல்கலைக்கழகத்தார் குப்பைக்கு வைத்த வரைபடத்தை 2004இல் நீதான் தூக்கி வந்தாய். அந்த வருடம் அங்கே ஜனாதிபதித் தேர்தல். மகளின் கலர்ப்பென்சில்களால் ஒரு கட்சிக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு என்று தீட்டினாய். ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் இடங்களில் பச்சைப் புள்ளிகள் வைத்தாய்.

"பச்சை முழுக்க நீலத்துக்குத்தான் போடும்," என்றாய். "உழைச்சுத் தின்னுற சனம், வெளியிலை இருந்து வந்த சனம். இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்த நவம்பரில் சிவப்புத்தான் வென்றது. பச்சையில் நீ நினைத்ததைவிட எத்தனையோ பேர் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி மதியச் சாப்பாட்டு மேசையில் காத்திருந்தது. எங்களோடு வேலை செய்யும் மார்த்தா, எல் சல்வடோர்க்காரி, டெக்சாசில் இருக்கும் தன் அண்ணனும் சிவப்புக்கே போட்டதாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"உன்ரை அண்ணரோ? ஏன்?" என்று நீ உன்னுடைய உடைந்த பிரெஞ்சில் கேட்டாய்.

"ஏன் போடக்கூடாது? அவருக்குச் சொந்தக் கடை இருக்கிறது. கடவுளைப் பற்றிக் கதைக்கிற தலைவரைப் பிடிக்கும்," என்றாள் மார்த்தா. பிறகு மேசையில் நீ விரித்து வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தாள். "எங்கள் எல்லாரையும் ஒரே பச்சையில் தீட்டியிருக்கிறாய். நாலாம் மாடி டாக்டரம்மாவும் நீயும் ஒரே மொழிதானே. நீங்கள் இரண்டு பேரும் ஒரே நிறமா?"

டாக்டரம்மா சென்னைக்காரி. வசதியானவர்கள் இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடு. நம்மைக் கண்டால் "சாப்டாச்சா?" என்று அன்பாகக் கேட்பார், பதில் வருவதற்குள் லிஃப்டுக்குள் போய்விடுவார். அவரையும் உன்னையும் ஒரே பென்சிலால் தீட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்து நீ சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாய். வேறு யாராவது என்றால் தோற்ற கோபத்தில் வரைபடத்தைக் கிழித்திருப்பார்கள். நீ அடுத்த நாளே அழிறப்பர் வாங்கி வந்தாய்.

அதன் பிறகுதான் உன் உண்மையான விசாரணை தொடங்கியது. எங்கள் மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்கு முன்னால் ஸ்பானியப் பூசை. அவர்கள் வெளியே வர, நாங்கள் உள்ளே போவோம். வாசலில் ஒருவருக்கொருவர் தலையசைப்பதோடு சரி. நீ மட்டும் ஒரு மணித்தியாலம் முன்பே போய்க் கடைசி மர வாங்கில் உட்காரத் தொடங்கினாய். பூசை முடிந்ததும் கோப்பி குடிக்கிறவர்களிடம், அமெரிக்காவில் உங்கள் சொந்தக்காரர் யார், எங்கே, எப்படிப் போனார்கள், யாருக்குப் போட்டார்கள் என்று கேட்பாய். எனக்கு வெட்கமாக இருக்கும். அவர்களோ ஆசையாகச் சொன்னார்கள். ஊரில் விட்டு வந்த அரசின் மேல் கோபம் ஆறாத மயாமிக் கியூபர்கள் ஒரு நிறமானார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கோபம் அவ்வளவாக இல்லை என்று கேள்விப்பட்டதும் பக்கத்தில் இன்னொரு நிறம் வந்தது. டெக்சாசில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மெக்சிகோக்காரருக்கு ஒன்று, நேற்று வந்தவர்களுக்கு ஒன்று. பென்சில் பெட்டியே தீர்ந்துவிடும் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ட்டோ ரிக்கோக்காரி ஒருத்தி சொன்ன செய்தியோடு நீ என்னிடம் ஓடி வந்தாய். அந்தத் தீவில் பிறந்தவர்கள் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. விமானம் ஏறி புளோரிடாவில் குடியேறிவிட்டால் வாக்கு உண்டு.

"அதே ஆள், அதே பாஸ்போட். கடலைத் தாண்டினால் வோட்டு வருகுது. பாத்தியே?" என்றாய்.

அன்று மெட்ரோவுக்கு நடக்கும்போதுதான் உன் கதையைச் சொன்னாய். யாழ்ப்பாணத்தில் உன் முதல் தேர்தல். தலை தோய்ந்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாய். மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்கடை வோட்டுப் போட்டாச்சே," என்றாராம். உன் பெயரின் மேல் ஏற்கெனவே கோடு கீறியிருந்ததாம். விரலில் மை இல்லாத கையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாயாம். அதற்குப் பிறகு நீ எந்தத் தேர்தலுக்கும் போகவில்லை. கனடாவில் குடியுரிமை எடுத்த பிறகும் போகவில்லை. தனக்கு வாக்கில்லாத நாட்டின் தேர்தலை மட்டும் ஒருத்தி ஏன் இப்படித் துருவுகிறாள் என்பது எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது.

2008 கோடையில் உனக்கு ஒப்பறேசன் நடந்தது. புரட்டாசியில் கோவில் மண்டப விருந்துக்கு நீ வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை. ஒக்டோபரில் இங்கே தேர்தல், நவம்பரில் அங்கே. மண்டபச் செயலாளர் ஒரு வேட்பாளரை அழைத்து வந்து வடை கொடுத்து, "எங்கடை சனம் முழுக்க உங்களுக்குத்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீ தட்டோடு எழும்பினாய்.

"என்னை ஆர் கேட்டவை?"

செயலாளர் தமிழுக்கு மாறினார். "அக்கா, நீங்கள் வோட்டே போடுறேல்லை. பேந்தென்ன கேள்வி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனுசன் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. நீ என்னைத்தான் பார்த்தாய். "எங்களையும் ஒரே பென்சிலாலை தீட்டுறாங்கள்," என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

ஒக்டோபர் வாக்களிப்பு நாளில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். வரிசையில் நிற்கும்போது என் கையை விடவேயில்லை. "கோடு கீறியிருப்பினமோ?" என்று இரண்டு தரம் கேட்டாய். மேசையில் இருந்த வயதான பிரெஞ்சுக்காரி கோடு கீறும் அடிமட்டத்தைப் பட்டியலில் மெல்ல இறக்கி உன் பெயரைக் கண்டுபிடித்தாள். கோடு இல்லை. உன் கண் முன்னாலேயே நேராக ஒரு கோடு கீறினாள். நீ மை பூசுவதற்காக இடது சின்னவிரலை நீட்டினாய். இங்கே மை பூசுவதில்லை என்பது உனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுசிக்கும் விளங்கவில்லை. நீ கைகொடுக்கிறாய் என்று நினைத்து அந்த விரலைப் பிடித்துக் குலுக்கி, "மெர்சி, மதாம்," என்றாள்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் நீ நின்ற நேரம் நீண்டது. வெளியே வந்ததும், "ஆருக்கடி போட்டனி?" என்று கேட்டேன்.

"சொல்லமாட்டன்," என்றாய். அவ்வளவு சந்தோசமாக உன்னை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் நாம் எத்தனையோ வருடம் துடைத்த அதே மாடியில் நீ கண்ணை மூடினாய். அதற்கு முதல் நாள்கூட என்னிடம், "புளோரிடாவைத் தீட்டாதை. அங்கை ஆர் என்ன செய்வினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எண்ணி முடியட்டும்," என்றாய். எண்ணி முடித்தார்கள், நீ இல்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடம் தேடியவளுக்கு இன்னொரு கிழமை கிடைத்திருக்கக் கூடாதா?

எண்ணி முடித்த அடுத்த நாள் காலை நானும் மார்த்தாவும் அந்த வாளி அறைக்குள் நீலப் பென்சிலோடு நின்றோம். நியூ மெக்சிகோ, நெவாடா, புளோரிடா, எல்லாமே நீலத்துக்குப் போட்டிருந்தன. தொலைக்காட்சியில் ஸ்பானிய மொழிச் சனமான ஹிஸ்பானியர் கைகொடுத்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்கள். நீ இருந்தால் கேட்டிருப்பாய் என்று நான் கேட்டேன்: "உன் அண்ணன் என்ன செய்தார்?" இந்த முறை நீலத்துக்குப் போட்டாராம். அண்ணியோ பழையபடி சிவப்புக்கே போட்டாராம். இரண்டு பேரும் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு நிறம். நான் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். உன் புளோரிடா இன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அந்த மார்கழியில் இங்கே மாகாணத் தேர்தல் வந்தது. உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த நாட்டில் நான் போட்ட வாக்குகள் எல்லாம் என் மனுசன் சொன்ன பெயருக்குத்தான். அவருக்கு அதைச் சொல்வது செயலாளர். இந்த முறை வேலையிலிருந்து நேரே, பனிக்குள்ளால், தனியாகப் போனேன். அட்டை மறைப்புக்குப் பின்னால் நீ ஏன் அவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அந்த இடத்தில் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனுசன் சப்பாத்தைக் கழற்றக்கூட விடாமல், "சொன்ன ஆளுக்குத்தானே போட்டனி?" என்று கேட்டார்.

"சொல்லமாட்டன்," என்றேன்.

அவர் இன்னும் இடைக்கிடை கேட்டுப் பார்க்கிறார். நீயும் கேட்பாய் என்று தெரியும். உனக்கும் சொல்லமாட்டேன். நீ எனக்குச் சொன்னாயா?