குறை: பக்கத்தில் முனகல்

மார்ச் 3, திங்கள்

பிரார்த்தனை முடிந்ததும் கேசட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். எல்லாம் சாமி பாட்டு பாடும் அந்த அம்மாவின் கச்சேரிகள். கைப்பைக்குள் பதிவுப் பெட்டியை ஒளித்துவைத்து நான் பதிந்தவை பாதி, என்னைப் போன்றவர்களிடம் மாற்றிக்கொண்டவை மீதி. ஒவ்வொரு அட்டையிலும் மண்டபம், வரிசை, குறை என்று கட்டம் போட்டிருக்கிறேன். குறையை மறைத்து யாருக்கும் கொடுத்ததில்லை. கணக்கு என்றால் கணக்குதான்.

மகள் போனில் சிரித்தாள். "கடையில நல்ல பதிவாவே கிடைக்குதேம்மா. இருமலையும் தும்மலையும் எதுக்குச் சேத்து வெக்கற?"

கடையில் விற்பதில் அந்த அம்மாவுக்குத் தொண்டையே கட்டுவதில்லை. சாமி முன்னால் தொண்டை கட்டாத ஒருவரை எப்படி நம்புவது?

மார்ச் 4

ஆற்றோர மண்டபத்துக் கேசட் பிசுபிசுத்துப் போயிருக்கிறது. அட்டையில் என் கையெழுத்து: "குறை: பக்கத்தில் முனகல்." பாட்டோடு சேர்ந்து முனகியது அவர், என் வீட்டுக்காரர். மற்ற கச்சேரிகளில் தள்ளி உட்காரச் சொல்லிவிடுவேன். அன்று கூட்டம், வேறு இடமில்லை.

அவர் போனபிறகு அதைப் போட்டுக் கேட்கத் துணிவு வரவில்லை. ஆனால் அவர் குரல் இந்த வீட்டில் வேறெதிலும் இல்லை. படங்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஒளித்துப் பதிவது பாவமா என்று ஒருமுறை கேட்டேன். "சாமி பாட்டத் திருடினா சாமியா வந்து கேஸ் போடப்போறாரு?" என்றார்.

ரேடியோ கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கணினியில் ஏற்றித் தருவாராம்.

மார்ச் 9

குழாயை மூடியதும் கூடத்தில் முனகல். திறந்தேன். மூடினேன் — இல்லை.

மார்ச் 12

"சுத்தமாக்கிட்டேம்மா," என்றார் கடைக்காரர். "அட்டையில குறைன்னு போட்டிருந்தீங்களே, அந்த ஆள் முனகல மொத்தமா வழிச்சு எடுத்துட்டேன். ஒரு சொட்டு இல்ல."

கேசட்டைத் திருப்பித் தரச் சொன்னேன். ஒரு தடவை ஓடியதோடு நாடாவின் பூச்சு உதிர்ந்துவிட்டதாம். பழுப்புப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

கடைக்காரரை என்ன சொல்வது? நான்தானே எழுதிக் கொடுத்தேன். ஏன்டி எழுதினே? முனகல்னு மட்டும் எழுதியிருக்கலாமே. குறைன்னு எவ கேட்டா உன்னை?

மார்ச் 13

சுத்தமானதைக் கேட்டேன். அவர் முனகிய இடங்களில் மட்டும் பாட்டு மெலிகிறது. நிறைந்த வரிசையில் ஒருவர் எழுந்துபோன நாற்காலி மாதிரி.

மார்ச் 14

கண்ணை மூடிப் பிரார்த்திக்க முடியவில்லை. மெலிந்த இடங்களே கேட்கின்றன.

மார்ச் 17

"அது எங்க வீட்டுக்காரர்ண்ணே," என்று இன்று சொல்லிவிட்டேன்.

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" கொஞ்ச நேரம் கணினியில் தேடினார். "கழிச்சத உடனே தூக்கிப் போட மாட்டேன். பாட்டு ஏதும் சேந்து போயிடுச்சான்னு பாக்கத் தனியா வெச்சிருப்பேன். பேய் பொலம்புற மாதிரிதான் இருக்கும், பரவாயில்லையா?"

ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார். "இதுல ரெண்டு குரல் இருக்கே. ஒண்ணு பொம்பள."

"அந்த அம்மாவா இருக்கும்."

"அவங்க இப்படியா சுருதி விடுவாங்க?"

மார்ச் 18

கேட்டேன். மின்விசிறி. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அவர். அவரோடு ஒட்டிக்கொண்டு — நான். ஒவ்வொரு அடியையும் முதலில் எடுப்பதே நான்தான். பின்னாலேயே அவர் வந்து சேர்ந்துகொள்கிறார். அன்று நான் வாயைத் திறக்கவே இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்திருப்பேன்.

கடைசியில், கைதட்டல் எழும் நேரம், அவர் பேசுகிறார். இத்தனை வருடம் பாட்டுக்கு அடியில் புதைந்து கிடந்த பேச்சு.

"நான் அப்பவே நிறுத்திட்டேன். நீ இன்னும் நிறுத்தல."

மார்ச் 20

கழித்தெடுத்த பதிவுக்குப் புது அட்டை எழுதினேன். மண்டபம்: ஆற்றோரம். வரிசை: ஏழு, இரண்டு பேர். குறை: பாட்டு இல்லை.

பாத்திரம் கழுவிக் குழாயை மூடியதும் மறுபடி முனகல். இது நான்தானா என்று தொண்டையில் கைவைத்துப் பார்த்தேன்.

அதிரவில்லை. குழாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.